குக்கி ஒற்றனா?

கேள்வி: என் கணினியைச் சோதித்த பாதுகாப்பு மென்பொருள், விளம்பரக் குக்கிகள் பல இருப்பதாக எச்சரிக்கிறது. உளவு மென்பொருள் புகுந்துவிட்டதா?

பதில்: அச்சம் வேண்டாம், ஆயினும் அலட்சியமும் ஆகாது. கடைத்தளத்தில் ஒருவர் தேர்ந்தெடுத்த பொருள்களை அடுத்த பக்கத்திலும் அத்தளம் மறவாதிருக்கும் பொருட்டு, 1994-ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மான்டுல்லி வகுத்த உபாயமே குக்கி. அது வெறும் எழுத்துத் துணுக்கு. தங்கள் கோப்புகளைப் படிக்கவோ, தாங்கள் தட்டும் கடவுச்சொல்லை அபகரிக்கவோ அதற்குச் சக்தி கிடையாது.

ஆனால், தாங்கள் காலையில் படிக்கும் செய்தித்தளத்திலும், மாலையில் நீரிழிவு மருந்தைத் தேடும் தளத்திலும் ஒரே விளம்பர நிறுவனத்தின் படம் இடம்பெறுமாயின், அந்நிறுவனம் தான் குக்கியில் பொறித்த அடையாள எண்ணைக் கொண்டு, இரண்டிடத்திற்கும் வந்தவர் ஒருவரே என்றறிந்து, தங்கள் நோயையும் விருப்பத்தையும் அனுமானித்துவிடுகிறது. மனிதரின் அந்தரங்கத்தை அவர் சம்மதமின்றி வியாபாரச் சரக்காக்குவது அதர்மமே.

ஆகவே, பிரவுசரின் செட்டிங்ஸ் பகுதியில் இவ்வாறு வேற்று நிறுவனங்கள் வைக்கும் மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுத்துவிடுங்கள்; பழையவற்றை அழித்துவிடுங்கள். 'உங்கள் கணினியில் வைரஸ்' என்று இணையப் பக்கமே திடீரெனக் கூச்சலிட்டால், அதில் எதையும் தொடாமல் பக்கத்தை மூடிவிடுங்கள். மெய்யான உளவு மென்பொருள் அத்தகைய பொய் எச்சரிக்கையின் வழியாகவும் நுழையக்கூடும்.