கோடையும் கொண்டலும்: ஆரணி வட்டாரத்து இளவேனிலும் நீரின் இயல்பும்

ஆரணி என்றதும் பட்டுக்குப் பெயர்பெற்ற திருவண்ணாமலை மாவட்டத்து ஊரே பலர் நினைவுக்கு வரும். இக்கட்டுரை கருதுவது திருவள்ளூர் மாவட்டத்து ஆரணியை. பெரியபாளையத்தை அடுத்து, ஆரணியாற்றங்கரையில், கடலிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. உள்ளே அமைந்த ஊர் இது. கிழக்கே பொன்னேரியும் பழவேற்காட்டு ஏரியும், வடகிழக்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையும், மேற்கே ஆந்திர எல்லைக் குன்றுகளும் உள்ளன. கடலுக்கு மிக அருகிலும் இல்லை. மிகத் தொலைவிலும் இல்லை. இவ்விடைநிலையே இவ்வூரின் சித்திரை, வைகாசி வானிலையை நம்பவொண்ணாததாக்குகிறது.

நம் முன்னோர் திசைக்கொரு பெயரிட்டுக் காற்றை வழங்கினர். தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. மேற்கிலிருந்து வருவது கோடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். இவற்றுள் இறுதி இரண்டும் ஊன்றி நோக்கத்தக்கவை. கோடை என்னும் சொல் மேல்காற்றையும் குறிக்கும், வெயிற்காலத்தையும் குறிக்கும். கொண்டல் என்னும் சொல் கீழ்காற்றையும் குறிக்கும், மழைமுகிலையும் குறிக்கும். நீரைக் கொண்டமையால் கொண்டல் என்பர். காற்றின் திசையும் அதன் விளைவும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது தற்செயல் அன்று என்றே எண்ணத் தோன்றுகிறது. கிழக்குக் கரையில் வாழ்ந்தோர்க்கு அவை இரண்டல்ல, ஒன்றே.

இதன் காரணத்தை நீரின் இயல்பில் தேடவேண்டும். பள்ளிப் பாடநூல்கள் நீரின் விந்தை என்றதும் 4 பாகை செல்சியசில் அதன் அடர்த்தி உச்சம் அடைவதையும் பனிக்கட்டி மிதப்பதையுமே முதலில் கூறும். குளிர்நாட்டு ஏரி மீன்களுக்கு அது உயிர். ஆரணி ஏரிக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. நமக்கு வேண்டுவது வேறு. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொண்டிருக்கின்றன. நீருக்கு உறவான ஹைட்ரஜன் சல்பைடு, நீரினும் கனத்த மூலக்கூறு உடையதாயினும், சுழிக்குக் கீழ் 60 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். நீரோ 100 பாகை வரை தாக்குப்பிடிக்கிறது. இப்பற்றுதலைத் தளர்த்த மிகுந்த வெப்பம் செலவாகும். ஆகவே ஒரே அளவு வெயிலில், ஒரு கிலோ நீர் ஒரு பாகை சூடேறுவதற்குள் ஒரு கிலோ உலர்மண் ஏறத்தாழ ஐந்து பாகை சூடேறிவிடும். அன்றியும், கடல் தன் வெப்பத்தை அலையாலும் கலக்கத்தாலும் ஆழத்துக்கு அனுப்பிவிடுகிறது. மண் மேற்பரப்பிலேயே வைத்துக்கொள்கிறது.

எனவே நண்பகலில் நிலம் கொதிக்க, கடல் குளிர்ந்தே இருக்கிறது. நிலத்தின் மேல் சூடான காற்று எழ, கடற்காற்று உட்புகுகிறது. பழவேற்காட்டுக் கரையை முதலில் தொட்டு, பொன்னேரியைக் கடந்து, ஆரணிக்கு அது பிந்தியே வரும். மேல்காற்று வலுத்த நாளில் அது வழியிலேயே தடைப்பட்டு நிற்கும், வராமலும் போகும். 2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் வெப்பம் 45 பாகையைத் தொட்டது. கரைநகருக்கே அந்நிலை எனின் உள்நாட்டைச் சொல்லவேண்டியதில்லை.

இவ்விரு காற்றுகளும் பொருதும் எல்லையிலேதான் கோடைமழை பிறக்கிறது. நீராவி கனமானது என்று பலர் கருதுவர். உண்மை அதற்கு மாறானது. நீர் மூலக்கூற்றின் எடை 18. உலர்காற்றின் சராசரி எடை 29. ஈரக்காற்று இலேசானது, ஆதலின் எளிதில் எழும். எழுந்து குளிர்ந்து ஆவி நீராகும்போது, முன்பு ஆவியாகுங்கால் உட்கொண்ட உள்ளுறை வெப்பம் முழுவதையும் திருப்பித் தருகிறது. ஒரு சதுர கி.மீ. பரப்பில் ஒரு செ.மீ. மழை பெய்தால் அது 10,000 டன் நீர். அந்நீர் உருவாகையில் வெளிவந்த வெப்பம் ஏறத்தாழ 67 இலட்சம் யூனிட் மின்சாரத்துக்கு ஒப்பாகும். இவ்வெப்பமே முகிலை மேலும் மேலும் உயர்த்துகிறது. உயரத்தில், உறைநிலைக்குக் கீழ் பல பாகை குளிர்ந்தும் உறையாத நுண்துளிகள் பனித்துகளில் மோதிய கணமே உறைகின்றன. கத்தரி வெயிலில் ஆலங்கட்டி விழுவது இதனால்தான். ஈரம் சிறிதே கூடினாலும் குறைந்தாலும் விளைவு பெரிதும் மாறுவதால், பெரியபாளையத்தில் கொட்டும் மழை ஆரணியில் தூறாமலும் போகலாம்.

கடலில் நிகழ்வதும் இதன் பேருருவே. 2010 மே மாதம் லைலா புயல் நம் கரையை ஒட்டிச் சென்று, மே 20 அன்று ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரை கடந்தது; வழியில் சென்னை வட்டாரத்தில் மழை தந்தது. 2019இல் ஃபானி புயல் வட தமிழகம் நோக்கி வரும் என்று முதலில் எதிர்பார்க்கப்பட்டது. அது திரும்பி, மே 3 அன்று ஒடிசாவின் புரி அருகே கரையேறியது. அவ்வாண்டு ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு கிடந்ததை நாம் கண்டோம். மாந்தோப்புக்காரர் வானைப் பார்த்துக் காத்திருந்தது வீணாயிற்று.

கொண்டல் வந்துவிட்டால் துன்பம் தீர்ந்தது என்றே நாம் நம்புகிறோம். இங்குதான் நீர் நம்மை ஏமாற்றுகிறது. ஒரு லிட்டர் வியர்வை உலர்ந்தால் உடலிலிருந்து ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் நீங்கும். ஆனால் உலரவேண்டும், வழிந்தோடினால் பயனில்லை. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றிப் பார்த்தால் உடல் உணரும் நிலை ஒருவாறு தெரியும். 40 பாகை வெப்பமும் 25 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள கோடைக்காற்றில் அது ஏறத்தாழ 24 காட்டும். 34 பாகை வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள கொண்டற்காற்றில் 30 காட்டும். வெப்பம் ஆறு பாகை தணிந்திருந்தும் உடலுக்குச் சுமை கூடியிருக்கிறது. ஈரக்குமிழ் அளவு 35ஐ எட்டினால், நிழலில் வாளாவிருப்பவர் உடலும் நெடுநேரம் தாங்காது என்பர் அறிஞர்.

கும்மிடிப்பூண்டி ஆலைகளில் உலையருகே நிற்கும் தொழிலாளர் வாளாவிருப்பவர் அல்லர். அவர்களுள் நம் மாணவர்தம் தந்தையரும் தமையரும் உண்டு. பகல்முறையில் மேல்காற்று வறட்டியபோது அஞ்சித் தண்ணீர் குடிப்பவர், மாலைமுறையில் கடற்காற்று வந்ததும் அச்சம் நீங்கி ஓய்வின்றி உழைப்பர். உலைக்கூடச் சுவரில் தொங்கும் வெப்பமானி உலர்ந்த குமிழுடையது; அதற்கு இவ்வேறுபாடு தெரியாது. அதனருகே இன்னொன்றை, ஈரத்துணி சுற்றித் தொங்கவிட ஆகும் செலவு மிகச் சிறிது.