கடைக் கணிப்பொறியும் சட்டமும்

தளவாய்புரத்தில் இன்று மளிகைக் கடையானாலும் நைட்டி மொத்த வியாபாரமானாலும் பில் போடக் கணிப்பொறியும் இணைய இணைப்பும் வந்துவிட்டன. வைஃபை கடவுச்சொல் கடைப் பையனுக்கும் தெரியும், பக்கத்துக் கடைக்காரருக்கும் தெரியும். இணைப்பு மட்டும் முதலாளி பெயரில் இருக்கிறது. அதில் யாரோ ஒருவர் குழந்தைகளின் ஆபாசப் படத்தைப் பதிவிறக்கம் செய்தால், விசாரணை முதலில் முதலாளியைத் தேடித்தான் வரும்.

இது எப்படித் தெரியவருகிறது? அமெரிக்காவில் உள்ள காணாமற்போன குழந்தைகளுக்கான மையத்துடன் நமது தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 2019-இல் ஒப்பந்தம் செய்துகொண்டது. அங்கிருந்து வரும் தகவல் மத்திய அரசு வழியாக மாநிலக் காவல்துறைக்கு வருகிறது. 2020-இல் அம்பத்தூரில் ஓர் இளைஞர் மீது இப்படித்தான் வழக்குப் பதிவானது. தனிமையில் பார்த்தது குற்றமல்ல என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024 ஜனவரியில் வழக்கை ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்சநீதிமன்றம் அது தவறு என்று கூறி வழக்கை மீண்டும் நடத்தச் சொன்னது. பிறருக்கு அனுப்பாவிட்டாலும், அனுப்பும் எண்ணத்தோடு அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதே போக்சோ சட்டத்தின் 15-ஆம் பிரிவில் குற்றம். பதிவிறக்கம் செய்வது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவிலும் குற்றம். முதல் முறையே 5 ஆண்டு வரை சிறை.

இச்சட்டம் குழந்தைகளைக் காக்க வந்தது. அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு நிரூபித்துவிட்டால், குற்ற எண்ணம் இருந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று காட்டும் பொறுப்பு நம் தலையில் விழும். அதற்கு வாய்ச்சொல் போதாது, பதிவேடு வேண்டும்.

சோதனைக்கு வந்தால் நினைவில் கொள்ள வேண்டியவை:

1. தடுக்க வேண்டாம், எதையும் அழிக்கவும் வேண்டாம். சாட்சியமாகக்கூடிய மின்னணுப் பதிவை அழிப்பது தனிக் குற்றம்.

2. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி சோதனையும் கைப்பற்றலும் வீடியோ எடுக்கப்பட வேண்டும். கைப்பற்றிய பொருட்களின் பட்டியல் நகலைக் கேட்டு வாங்குங்கள். கோப்புகளின் ஹாஷ் எண்ணைக் குறிக்கச் சொல்லுங்கள். பின்னால் எதுவும் சேர்க்கப்படவில்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

3. கைது என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் நிறுத்த வேண்டும். வக்கீலைச் சந்திக்க உரிமை உண்டு. தனக்கு எதிராகச் சாட்சி சொல்லும்படி யாரையும் வற்புறுத்த அரசியலமைப்பு இடந்தரவில்லை.

4. காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி உண்டு. நமது மாவட்ட நீதிமன்றம் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் இயங்குகிறது. தொலைபேசி எண் 15100.

அதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று. ஒவ்வொரு பணியாளுக்கும் தனிக் கடவுச்சொல் கொடுங்கள். கணிப்பொறியில் யார் எந்த நேரம் உட்கார்ந்தார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பணியாள் விலகினால் அன்றே வைஃபை கடவுச்சொல்லை மாற்றுங்கள். தகாத படம் கண்ணில் பட்டால் யாருக்கும் அனுப்பாமல் உடனே காவல் நிலையத்தில் தெரிவியுங்கள்.

கல்லாச் சாவியை நாம் கண்டவரிடம் கொடுப்பதில்லை. கடவுச்சொல்லும் சாவிதான்.