உடைத்தது சின்னக் கை, பொறுப்பு யாருடையது?



வீட்டில் குட்டித் தம்பி கண்ணாடி டம்ளரை உடைத்தால் என்ன நடக்கும்? "கைக்கு எட்டுற இடத்துல யார் வச்சது?" என்று ஒருவர் கேட்பார். "நீ எங்க பார்த்துக்கிட்டு இருந்தே?" என்று இன்னொருவர் கேட்பார். இதே கேள்விகள் மியூசியத்திலும் வரும். ஆனால் அங்கே உடைவது கடையில் வாங்கிவிடக்கூடிய டம்ளர் இல்லையே!

ஹைஃபாவில் நடந்தது

இஸ்ரேல் நாட்டு ஹைஃபா பல்கலைக்கழகத்தில் ஹெக்ட் மியூசியம் இருக்கிறது. அதன் வாசல் பக்கத்தில் சுமார் 3,500 ஆண்டுப் பழமையான மண்ஜாடி ஒன்று இருந்தது. இந்த மாதிரி ஜாடிகள் மண்ணைத் தோண்டும்போது பெரும்பாலும் உடைந்துதான் கிடைக்கும். இது முழுசாகக் கிடைத்த ஜாடி. 2024 ஆகஸ்டில் அங்கே வந்த 4 வயதுப் பையன், உள்ளே என்ன இருக்கு என்று பார்க்க அதை லேசாக இழுத்தான். அவ்வளவுதான், ஜாடி விழுந்து நொறுங்கிவிட்டது.

மியூசியம் என்ன செய்தது தெரியுமா? வேண்டுமென்றே சேதம் செய்தால் போலீஸ் வரை போவோம், இது அப்படி இல்லை என்று சொன்னது. அந்தக் குடும்பத்தையே மறுபடியும் அழைத்துச் சுற்றிக் காட்டியது. ஜாடியை ஒட்டிச் சரிசெய்யவும் ஏற்பாடு செய்தது. முடிந்தவரை கண்ணாடித் தடுப்பு இல்லாமல் காட்டுவது அந்த மியூசியத்தின் வழக்கம். அதில் ஆபத்து உண்டு என்று தெரிந்தே அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் பழியை ஒரு சின்னப் பையன் தலையில் போடவில்லை.

கேட்க வேண்டிய 3 கேள்விகள்

1. செய்வது தப்பு என்று புரிகிற வயதா? ஜெர்மனியில் 7 வயது நிறையாத குழந்தை, தான் செய்த சேதத்துக்குச் சட்டப்படி பொறுப்பாகாது.

2. கூட வந்த பெரியவர் கவனித்தாரா? இதில் நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. பிரான்சில் "நான் கவனமாத்தான் இருந்தேன்" என்று சொல்லிப் பெற்றோர் தப்பிக்க முடியாது. இங்கிலாந்தில் பெற்றோர் என்பதற்காக மட்டும் பணம் கட்ட வேண்டியதில்லை. அவர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று காட்ட வேண்டும்.

3. பொருளைப் பத்திரமாக வைத்தார்களா? 2015-இல் தைவானின் தைபே நகரக் கண்காட்சியில் 12 வயதுப் பையன் தடுக்கி விழப்போய், பழைய ஓவியம் ஒன்றில் கையை ஊன்றிவிட்டான். துணியில் ஓட்டை விழுந்தது. அதன் மதிப்பு 15 லட்சம் டாலர் என்றார்கள் அமைப்பாளர்கள். அவன் கையில் குடிக்கிற பானம் இருந்தது. அதோடு அவனை உள்ளே விட்டது யார்? ஓவியம் இன்சூரன்ஸ் செய்யப்பட்டிருந்ததால் குடும்பத்திடம் பணம் கேட்கவில்லை.

அப்படியானால்?

முழுப் பாரத்தையும் பெற்றோர் மேல் போட்டால், வசதி இல்லாதவர்கள் பயந்துபோய்ப் பிள்ளைகளைக் கூட்டி வரவே மாட்டார்கள். முழுப் பாரத்தையும் மியூசியத்தின் மேல் போட்டால், எல்லாவற்றையும் கண்ணாடிக்குள் பூட்டிவிடுவார்கள். இரண்டிலும் நஷ்டம் நமக்குத்தான். ஆகவே யாரால் முன்கூட்டியே தடுத்திருக்க முடியுமோ, அவருக்கே அதிகப் பொறுப்பு என்பதுதான் நியாயம். தற்செயலாக நடப்பதற்கு இன்சூரன்ஸ் இருக்கிறது.

நமக்கும் ஒரு பங்கு உண்டு. நாம் 4 வயதுக் குழந்தைகள் இல்லை. மியூசியத்தில் ஓடக்கூடாது, பையை முதுகில் மாட்டிக்கொண்டு பொருளுக்குப் பக்கத்தில் திரும்பக்கூடாது. கை பட்டு ஏதாவது உடைந்துவிட்டால் ஒளிக்காதீர்கள், சில்லுகளைப் பொறுக்காதீர்கள். உடனே காவலரிடம் சொல்லுங்கள். ஒட்டுகிறவருக்கு ஒவ்வொரு சில்லும் தேவை.

யோசித்துப் பதில் எழுதுங்கள்!

2018-இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், ஒரு சமுதாயக் கூடத்தில் இருந்த சிற்பத்தை 5 வயதுப் பையன் கட்டிப்பிடிக்க, அது சாய்ந்து விழுந்தது. 1,32,000 டாலர் கேட்டு இன்சூரன்ஸ் கம்பெனி பெற்றோருக்குக் கடிதம் அனுப்பியது. சிற்பத்தைச் சரியாகப் பொருத்தி வைக்கவில்லை என்றார்கள் பெற்றோர். நீங்கள் நீதிபதியானால் என்ன தீர்ப்பு சொல்வீர்கள்?