'கரைக்கும்' என்ற சொல்: இளம் மருத்துவ எழுத்தாளருக்கு ஒரு கடிதம்



நெய்வேலி நகரியத்து ஆண்டு மலர் ஒன்றில் வெளியான தம்பியின் கட்டுரையில், தமனிக்குள் படியும் கொழுப்பை ஆஸ்பிரின் 'கரைக்கும்' என்ற சொல் நான்கு இடங்களில் வருகிறது, நான்கும் பிழை. நாற்பது ஆண்டு மருந்துக் கடையில் மாத்திரை எண்ணிய ஒருவருக்கு அச்சொல் பல்லில் சிக்கிய நார்போல உறுத்துவதில் வியப்பில்லை. தமனிச் சுவருக்குள் புகுந்த கொழுப்பும், அதை விழுங்கி வீங்கிய வெள்ளணுக்களும், அவற்றைப் போர்த்திய நார்த்திசு மூடியும் சேர்ந்ததே படிவு. அதனை ஆஸ்பிரின் கரைப்பதில்லை. ரத்தம் உறையும்போது ஒன்றோடொன்று ஒட்டும் தட்டணுக்களில் உள்ள ஒரு நொதியை, அதாவது வேதிவினையை விரைவுபடுத்தும் புரதத்தை, அது முடக்குகிறது. தட்டணுவுக்கு உட்கரு இல்லாமையால் புதிய நொதியை ஆக்கிக்கொள்ள இயலாது, ஆகவே அந்த முடக்கம் தட்டணு வாழும் ஏழு முதல் பத்து நாள் வரை நீங்குவதில்லை. கடைக்கு வருவோர் 'ரத்தம் இளகும் மாத்திரை' என்று கேட்பதுகூடத் தம்பியின் சொல்லைவிட உண்மைக்கு அருகில் நிற்கிறது.

அடுத்த உறுத்தல், உப்புப் படிந்து அடைத்த குழாய் என்னும் உவமை. பெரிதும் குறுகாத தமனியிலும் மாரடைப்பு வருவதை அவ்வுவமை மறைத்துவிடுகிறது. சுரங்கத்து ஊரில் வளர்ந்தவருக்குக் குழாய் எதற்கு? 1961இல் முதன்முதலாகப் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்ட நெய்வேலிச் சுரங்கத்தின் பழைய தொழிலாளர்கள் கடைவாசலில் நின்று பேசியதெல்லாம் கரியைப் பற்றியல்ல, தண்ணீரைப் பற்றியே. கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கும் நிலத்தடி நீரைப் பம்புகள் இரவும் பகலும் இறைக்காவிட்டால் அது சுரங்கத் தரையைப் பிளந்து பொங்கிவிடும் என்று கையை விரித்துக் காட்டுவார்கள். படிவின் மூடியும் அவ்வாறே பிளக்கிறது, பிளந்த இடத்தில் தட்டணுக்கள் குவிந்து கட்டும் ரத்தக்கட்டியே தமனியை அடைக்கிறது. மூடியை வலுவாக்குவன கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையும், ரத்த அழுத்தக் கட்டுப்பாடும், புகையிலையைக் கைவிடுவதும். ஆஸ்பிரினின் வேலை பிளவுக்குப் பின்னரே தொடங்குகிறது.

அந்த வேலை சிறிதன்று. மாரடைப்பு ஐயத்தோடு சேர்க்கப்பட்ட 17,187 பேரிடம் நடந்து 1988இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில், ஆஸ்பிரின் இதய, ரத்தநாள நோய் மரணங்களை ஐந்து வாரத்தில் ஏறத்தாழ 23 விழுக்காடு குறைத்தது. ஆனால், முன்னர் மாரடைப்போ பக்கவாதமோ வராதவர்களைக் கொண்டு, பாதிக்குச் சற்றுக் குறைவானோர் இந்தியர்களாக இருந்து, 2021இல் வெளியான டிப்ஸ்-3 ஆய்வில் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுத்தோரில் 4.1 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரை எடுத்தோரில் 4.7 விழுக்காட்டினருக்கும் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்பு நேர்ந்தது. தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய இடைவெளி அது. இரைப்பையில் ரத்தக்கசிவு உண்டாகும் ஆபத்தோ மாத்திரை விழுங்கும் எல்லாருக்கும் உண்டு. இவ்வேறுபாட்டைச் சொல்லாமல் 'நாற்பது வயதைக் கடந்த அனைவருக்கும்' என்று தம்பி முடித்திருப்பது பொறுக்கத்தக்கதன்று.

எனினும் இரவு ஷிப்டு முடிந்து வந்தவர் நெஞ்சுவலியை வாயு என்று எண்ணி, சோடாவைக் குடித்துவிட்டு, வேர்வையோடு திண்ணையில் சாயும் அந்த ஒரு பத்திக்கு இணையாகத் தமிழ் மருத்துவக் கட்டுரைகளில் அதிகம் காட்ட முடியாது. மறுபதிப்பில் 'கரைக்கும்' நான்கையும் நீக்கிவிட்டு, குழாயையும் பிடுங்கி எறிந்துவிடலாம். அந்தச் சோடா பாட்டிலில் மட்டும் கை வைக்க வேண்டாம்.