எண்ணெயை மாற்றும் முன் வகிட்டைப் பாருங்கள்

முடி கொட்டினால் நம் குமரி மாவட்டத்தில் முதல் பழி போர் தண்ணீருக்கு, அடுத்தது எண்ணெய்க்கு. உப்புத் தண்ணீர் முடியை வறட்டி ஒடிக்கும், வேரோடு கழற்றாது. ஆகவே முதலில், உதிர்ந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருந்தால் வேரிலிருந்து வந்தது. இல்லையென்றால் இடையில் ஒடிந்தது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு.

அடுத்து, நடு வகிடு எடுத்துக் கண்ணாடியில் பாருங்கள். முன்நெற்றி அப்படியே இருக்க, வகிடு மட்டும் வருடத்துக்கு வருடம் அகன்றால் அது பெரும்பாலும் பரம்பரை வகை. காசளவு வட்டமாக முடி போனால் புழுவெட்டாக இருக்கலாம். நெற்றியோரம் மட்டும் மெலிந்தால் இறுக்கிப் பின்னும் சடையும், அதில் தொங்கும் பிச்சிப்பூ பாரமும் காரணமாகலாம், தளர்த்திப் பின்னுங்கள். தோல் சிவந்து எரிந்தாலோ, வழுவழுவென்று தழும்பானாலோ மருத்துவரைப் பார்க்க நாள் கடத்தக் கூடாது. தழும்பான இடத்தில் முடி திரும்ப முளைக்காது.

தலை முழுக்கக் கொத்தாகக் கொட்டுகிறதா? இரண்டு மூன்று மாதம் பின்னோக்கி யோசியுங்கள். பிரசவம், டெங்கு, அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைத்தது என ஏதாவது நடந்திருக்கும். பிள்ளை பெற்ற பெண்கள் இதைக் கண்டு கலங்கிப்போகிறார்கள். கலங்க வேண்டாம் தாயே, பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே நிற்கும்.

நிற்கவில்லை என்றால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்பு இருப்பு காலியாக இருக்கலாம். அந்த இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும், தைராய்டு பரிசோதனையும் தேவையா என்று கேளுங்கள். பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் முன்பே சொல்லிவிடுங்கள், தைராய்டு முடிவைக் குழப்பும். மாதவிலக்கு தள்ளிப்போவதையும் முகத்தில் முடி வளர்வதையும் மறைக்காதீர்கள். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்கு அவை தடயம்.

சாப்பாட்டையும் கவனியுங்கள். மரச்சீனி வயிற்றை நிறைக்கும், போதிய புரதம் தராது. கூடவே சாளை மீனோ பயறோ வேண்டும். சாப்பிட்ட கையோடு சாயா குடித்தால் இரும்புச் சத்து உடலில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

தேங்காய் எண்ணெய் முடி ஒடிவதைக் குறைக்கும், புதிதாக முளைக்க வைக்காது. பரம்பரை வகைக்கு மருத்துவர் தரும் மருந்து பெரும்பாலும் மினாக்ஸிடில். கர்ப்பிணிகளுக்கு ஆகாது, பால் கொடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. தொடங்கிய சில வாரங்கள் கூடுதலாகக் கொட்டலாம்; அதற்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். பலன் தெரிய நாலைந்து மாதமாவது ஆகும். மாதம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் வகிட்டைப் படம் எடுத்து வைத்து, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.