கருணையும் காவலும்

சக்குபள்ளத்திலே ஏலத்தோட்டத்து வேலை முடிந்து இரவில் கூடிப் படிக்கும் அன்பர்கள் சிலர், அங்குலிமாலன் சரிதத்தைப் படித்தபின் ஒரு வினா விடுத்துள்ளனர். ஒரு முறை கொன்றவனை வெளியே விடலாமா? விட்டபின் அவன் மறுபடியும் கொல்வானாயின், விட்டவர்களின் கருணைக்கு யாது மதிப்பு? இவ்வினாவை எழுப்பியது ஏடு மட்டுமன்று. பாலக்காட்டு நென்மாறாவில் நிகழ்ந்ததும் அவர்கள் மனத்தை வருத்தியிருக்கின்றது. இடுக்கியும் பாலக்காடும் தமிழகத்தின் எல்லையை ஒட்டிய மாவட்டங்கள். அங்கு விழுந்த இடி இங்கும் கேட்பது இயல்பே.

முதலில் நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே அறிவோம். நெல்லியாம்பதி மலையடிவாரத்தில், போத்துண்டி அணைக்கு அருகிலுள்ள சிற்றூரில் செந்தாமரா என்பவன் வசித்துவந்தான். அவனுடைய மனைவி அவனைப் பிரிந்து சென்றாள். பிரிவுக்குக் காரணம் தன் நடத்தையிலே உண்டா என்று அவன் தேடவில்லை. அண்டை வீட்டார் செய்த மாந்திரீகமே தன் குடும்பத்தைக் கெடுத்தது என்று நம்பினான். 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் அவ்வண்டை வீட்டுப் பெண்மணியை அவர் வீட்டிலேயே வெட்டிக் கொன்றான். பிடிபட்டான்; சிறையிலிருந்தான்; பின்னர், வழக்கு முடியுமுன்னரே ஜாமீனில் வெளிவந்தான். நென்மாறாப் பகுதிக்குள் நுழையலாகாது என்பது அந்த ஜாமீனின் நிபந்தனை. அவனோ தன் பழைய வீட்டுக்கே வந்து குடியிருந்தான்.

இறந்த பெண்மணியின் குடும்பத்தார் இதைக் கண்டு நடுங்கினர். 2024ஆம் ஆண்டு இறுதியில் காவல் நிலையத்திலே முறையிட்டனர். அவனை அழைத்து எச்சரித்து அனுப்பியதோடு காரியம் முடிந்தது. 2025ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள் காலையில், அப்பெண்மணியின் கணவரையும் அவருடைய முதிய தாயாரையும் அவன் வெட்டிக் கொன்றான். காட்டுக்குள் ஓடி ஒளிந்தவன் மறுநாள் இரவு பிடிபட்டான். தாயை முன்னரே இழந்திருந்த இரண்டு பெண்மக்கள் அன்று தந்தையையும் பாட்டியையும் இழந்தனர். காவல் நிலையத் தலைமை அதிகாரி தற்காலிகமாகப் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். அதனால் அப்பிள்ளைகளுக்கு வந்தது ஒன்றுமில்லை.

முதற்கொலைக்குத் தீர்ப்பு 2025 அக்டோபரிலேதான் கிடைத்தது. 14ஆம் நாள் பாலக்காட்டு அமர்வு நீதிமன்றம் அவனைக் குற்றவாளி என்றது. 18ஆம் நாள் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. பின் நிகழ்ந்த இரண்டு கொலைகளுக்கும் வழக்கு தனி. அன்பர்கள் இங்கே நாட்களை எண்ணிப் பார்க்கவேண்டும். கொலைக்கும் தீர்ப்புக்கும் இடையே ஆறு ஆண்டுகளுக்கு மேல் சென்றன. அந்த இடைவெளிக்குள்ளேதான் இன்னும் இருவர் மாண்டனர்.

பேச்சிலே பலர் இதனைப் பரோல் என்கின்றனர். அது பிழை. பரோல் என்பது தண்டனை பெற்ற கைதிக்குச் சிறை நிர்வாகமோ அரசாங்கமோ சில நாட்களுக்குத் தரும் விடுப்பு. வீட்டில் சாவு, நோய், மகளின் விவாகம் போன்ற காரணங்களுக்காகவும், உலகத்தோடு உள்ள தொடர்பு அறுந்துபோகாமலிருக்கவும் அது தரப்படுகின்றது. ஜாமீனோ, இன்னும் குற்றவாளி என்று முடிவாகாதவனுக்கு நீதிமன்றம் தருவது. செந்தாமரா வெளிவந்தது ஜாமீனில். இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. எவர் விட்டார் என்பது தெரிந்தாலன்றி, எவரிடம் முறையிடுவது என்பது தெரியாது.

தண்டனையை அனுபவித்து வெளிவந்தவன் மறுபடியும் கொன்றதும் உண்டு. பஞ்சாபிலே பச்சன் சிங் என்பவன் மனைவியைக் கொன்றதற்காக ஆயுள் தண்டனை அனுபவித்து விடுதலையானான். உறவினர் ஒருவர் அவனைத் தம் வீட்டில் சேர்த்துக்கொண்டார். 1977ஆம் ஆண்டு ஓரிரவில் அவ்வீட்டிலேயே மூவரைக் கோடரியால் வெட்டிக் கொன்றான். அவன் வழக்கிலேதான் 1980ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், அரிதினும் அரிதான வழக்கிலன்றி மரணதண்டனை கூடாது என்ற நெறியை வகுத்தது. நாடு முழுதும் இன்றும் சொல்லப்படும் அந்த வாசகம், விடுதலையான ஒரு கொலையாளியின் வழக்கிலே பிறந்தது என்பதை அறிந்தோர் சிலரே.

ஆயுள் கைதி மறுபடியும் கொலை செய்தால் தூக்கைத் தவிர வேறு தண்டனையே இல்லை என்று 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் 303ஆம் பிரிவிலே கூறிற்று. சிறைக் காவலர்மீது கைதிகள் கை வைக்காமலிருக்க வெள்ளையர் செய்த ஏற்பாடு அது. 1983ஆம் ஆண்டு மித்து என்பவரின் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அப்பிரிவைச் செல்லாதென அறிவித்தனர். இக்கொலை எச்சூழ்நிலையிலே நிகழ்ந்தது என்று நீதிபதி எண்ணிப் பார்க்கவும் இடமின்றித் தூக்கு விதிப்பது நீதியாகாது என்பது அவர்கள் கொண்ட முடிவின் சாரம். 2024 ஜூலை முதல் நாளிலிருந்து நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 104ஆம் பிரிவு, அப்படிப்பட்டவனுக்கு மரணம், அல்லது உயிருள்ள காலம் முழுவதும் சிறை என்று விதிக்கின்றது. அதாவது, எண்ணிப் பார்க்கும் பொறுப்பு நீதிபதிக்குத் திரும்ப வந்தது. குற்றத்தின் கடுமையும் குறைக்கப்படவில்லை. எமக்கு இது சரியாகவே தோன்றுகின்றது.

இனி அங்குலிமாலனிடம் வருவோம். கொலையாளிக்குக் கருணை வேண்டும் என்பார் அவன் பெயரைச் சொல்கின்றனர். கருணை கூடாது என்பார் அது பழங்கதை என்று தள்ளுகின்றனர். இரு சாராரும் சூத்திரத்தின் நடுப்பகுதியைக் கவனிப்பதில்லை. பசேனதி மன்னன் ஐந்நூறு குதிரை வீரரோடு அவனைப் பிடிக்கப் புறப்பட்டு, வழியில் பகவனைக் காண வந்தான். பகவன் அங்குலிமாலனை ஒளித்துவைக்கவில்லை. அவன் சீவரம் தரித்துச் சீலம் காப்பவனாயிருக்கக் கண்டால் என்ன செய்வாய் என்று மன்னனை வினவினார். மன்னன், வணங்கி உபசரிப்பேன் என்றான். ஆயினும் அத்தகையவனுக்குச் சீலம் எங்ஙனம் வாய்க்கும் என்ற ஐயத்தையும் மறைக்கவில்லை. அப்போது பகவன் கையை நீட்டி, அருகிலேயே அமர்ந்திருந்தவனைக் காட்டினார். மன்னன் நடுங்கினான், தேற்றப்பட்டபின் அவனிடமே சென்று தந்தையின் குலம் யாது, தாயின் குலம் யாது என்று விசாரித்தறிந்தான்.

இதிலே எத்தனை காரியங்கள் அடங்கியுள்ளன! குற்றவாளி எங்கே இருக்கின்றான் என்பது அரசனுக்குத் தெரியும். அவன் யார் பொறுப்பிலே இருக்கின்றான் என்பதும் தெரியும். மாற்றம் வந்த பிறகே விடுதலை. அதையும் அரசன் நேரிற் கண்டான். அதன் பின்னரும், பிச்சைக்குச் சென்ற அங்குலிமாலன் தலை உடைந்து, பாத்திரம் உடைந்து, சீவரம் கிழிந்து திரும்பினான். கல்லெறிந்தவர் இன்னாரென்று சூத்திரம் சொல்லவில்லை. விரல் இழந்த பிணங்களைக் கண்டவர்கள் அவ்வூரிலே இருந்திருப்பார்கள் என்று எண்ணுவதில் பிழையில்லை. அவர்களைக் கடிந்து ஒரு சொல்லும் அங்கே இல்லை. பொறுத்துக்கொள் என்ற சொல் கொன்றவனுக்கே கூறப்பட்டது. நம்மவரோ இன்று அச்சொல்லை எடுத்துக் கொல்லப்பட்டவரின் வீட்டாரிடம் சொல்கின்றோம்.

நென்மாறாவிலே இவற்றுள் எது இருந்தது? அவன் இருக்குமிடம் ஊருக்கே தெரியும். இருக்கக்கூடாத இடம் அது என்பதும் தெரியும். நெஞ்சிலிருந்த பொய்நம்பிக்கை போயிற்றா என்று பார்த்தார் இல்லை. மாந்திரீகத்தை நம்பிப் பகை வளர்ப்பவனுக்குச் சிறைக்கதவு திறந்தால் என்ன, மூடினால் என்ன? அவன் தேடுவது அதே அண்டை வீட்டையே. நம் தோட்டக் குடியிருப்புகளிலும் மாடு செத்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், யாரோ வைத்த சூனியம் என்று பேசுகின்றோம் அல்லவா? அப்பேச்சைச் சிறுபிள்ளைத்தனம் என்று விட்டுவிடலாகாது. ஒரு பெண்மணியின் உயிரைக் கொண்டுபோனது அத்தகைய பேச்சே.

அன்பர்கள் அறிந்துகொள்ளவேண்டிய நடைமுறை ஒன்றுண்டு. ஜாமீன் நிபந்தனையை மீறினவனைத் திரும்பச் சிறைக்கனுப்பும் அதிகாரம் காவல் நிலையத்துக்கு இல்லை. அது நீதிமன்றத்துக்கே உண்டு. ஆகவே நிலையத்திலே சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டால் போதாது. ஜாமீனை ரத்துச் செய்யக் கோரி அரசாங்க வக்கீல் மூலமாகவோ, தாமே வக்கீல் வைத்தோ நீதிமன்றத்தை அணுகலாம். 2022ஆம் ஆண்டு லக்கிம்பூர் கேரி வழக்கிலே, ஜாமீன் விசாரணை உட்பட ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டோர் தம் சொல்லைச் சொல்ல உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. உயிருக்கு அச்சமுள்ள சாட்சிகளுக்கு 2018ஆம் ஆண்டு அந்நீதிமன்றம் ஒப்பிய சாட்சிப் பாதுகாப்புத் திட்டமும் இருக்கின்றது. விண்ணப்பத்தை முடிவு செய்யும் குழுவுக்கு மாவட்ட நீதிபதியே தலைவர்; அச்சம் எத்தன்மையது என்று காவல்துறை ஐந்து வேலை நாட்களுக்குள் அறிக்கை தரவேண்டும். எழுதத் தெரியாதவருக்கு நம் படிப்புக் கூட்டத்தில் எழுதத் தெரிந்தவர் எழுதிக் கொடுக்கவேண்டும். அதிலே அவன் வந்த நாள், நின்ற இடம், சொன்ன சொல் ஆகியவற்றைக் குறித்து, ஒரு நகலில் தேதியுடன் முத்திரை பெற்று, அதை அவ்வீட்டாரிடமே கொடுத்துவிடவேண்டும்.