"ரெண்டாங்கிளாஸ்தானே, போகட்டும்!"

ஜூலை பிறந்தால் மயிலாடி, சுசீந்திரம், அஞ்சுகிராமம் பக்கத்து வீடுகளில் பெட்டி கட்டும் பேச்சு தொடங்கிவிடும். வளைகுடா நாடுகளின் இந்தியப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை ஜூலை, ஆகஸ்டில்தான். சித்தப்பா குடும்பத்தோடு திருவனந்தபுரத்தில் வந்து இறங்குவார். சில வீடுகளில் அப்பாவுக்கே அப்போதுதான் லீவு கிடைத்திருக்கும். வேளாங்கண்ணிக்கோ கொடைக்கானலுக்கோ வண்டி பேசுவார்கள். இங்கே பள்ளிக்கூடம் திறந்து பாடம் ஓடிக்கொண்டிருக்கும்.

வருஷக்கணக்கில் பிரிந்திருந்த அப்பாவோடு பிள்ளை நாலு நாள் சுற்றிவருவதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த லீவைச் சுற்றி வீட்டில் சொல்லிக்கொள்ளும் சமாதானங்கள்தான் சரியில்லை.

நம்பிக்கை: சின்ன கிளாஸில் லீவு போட்டால் ஒன்றும் குறையாது, பத்தாங்கிளாஸில் பார்த்துக்கொள்ளலாம்.

உண்மை: இதில்தான் பெரிய ஏமாற்றம் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளை நாலு நாள் வராவிட்டால் தோழியின் நோட்டை வாங்கி எழுதும். டியூஷன் உண்டு, சிறப்பு வகுப்பு உண்டு. ரெண்டாங்கிளாஸ் பிள்ளைக்குத் தான் எதை விட்டோம் என்பதே தெரியாது. 52-இல் 27-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். கடன் வாங்கிக் கழிக்கும் பாடத்தன்று வகுப்பில் இல்லாத பிள்ளை, 2-இல் 7 போகாது என்று கண்டதும் திருப்பிப்போட்டு 7-இல் 2 போக 5 என்று எழுதும். அடுத்து 5-இல் 2 போக 3. விடை 35. சரியான விடை 25. பிள்ளைக்கு எந்தச் சந்தேகமும் வராது, கணக்கு முடிந்த திருப்தியோடு சிலேட்டை நீட்டும். நாலாங்கிளாஸில் வகுத்தல் வரும்போது அதற்குள்ளும் இதே கழித்தல்தான். அப்போது "இவளுக்குக் கணக்கே வராது" என்று வீட்டில் முத்திரை குத்திவிடுகிறோம்.

நம்பிக்கை: அதிகம் லீவு போட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள், பெயிலாக்கிவிடுவார்கள்.

உண்மை: எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியைவிட்டு நீக்கக் கூடாது என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். ஐந்திலும் எட்டிலும் நிறுத்திவைக்கலாம் என்று 2019-இல் மத்திய அரசு திருத்தம் கொண்டுவந்த பிறகும், தமிழ்நாடு எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்துவதில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பிள்ளை மேல் வகுப்புக்குப் போகும்போது விட்டுப்போன பாடமும் கூடவே போகிறது. யாரும் தடுக்கவில்லை என்பதால் குறையே இல்லை என்று ஆகிவிடாது.

லண்டனில் இருக்கும் சொந்தக்காரர்கள் அபராதக் கதை சொல்வார்கள். அது அங்கே நடப்பதுதான். தன் மகளைப் பள்ளி நாட்களில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு ஒரு வாரம் அழைத்துப்போன ஜான் பிளாட் என்ற தந்தையின் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2017-இல் அவருக்கு எதிராகத் தீர்ப்பானது. இப்போது இங்கிலாந்தில் பெற்றோர் ஒவ்வொருவருக்கும், பிள்ளை ஒன்றுக்கு 80 பவுண்டு அபராதம். நம் கல்வி உரிமைச் சட்டத்தில் இப்படி ஒரு தண்டனை கிடையாது.

நம்பிக்கை: 75 சதவீத வருகை இருந்தால் போதும்.

உண்மை: சிபிஎஸ்இ பத்து, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுத வைத்திருக்கும் கடைசிக் கோடு அது. அதையே எல்லா வகுப்புக்கும் அளவாக நினைக்கிறோம். ஆறு முதல் எட்டுவரை ஆண்டுக்கு 220 வேலைநாள் என்று சட்டம் சொல்கிறது. அதில் கால்வாசி 55 நாள். வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்தால் பதினோரு வாரப் பாடம்! அமெரிக்காவில் பத்து சதவீதம், நம் 220 நாள் கணக்கில் 22 நாள், விட்டாலே கவலைப்பட வேண்டிய பிள்ளை என்று கணக்கெடுக்கிறார்கள். மழைக்காலக் காய்ச்சலுக்கு ஆறு நாள், குடும்பக் கோயில் கொடைக்கு மூன்று நாள், அத்தை மகள் கல்யாணத்துக்கு நான்கு நாள் என்று போன பிறகு, ஒன்பது நாள் சுற்றுலாவே அந்த 22-ஐத் தொட்டுவிடும்.

திருவிழா பார்க்க லீவு போட்டே ஆக வேண்டும் என்பதும் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் பொருந்தாது. டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் மார்கழித் தேரோட்டம், மண்டைக்காட்டுக் கொடை, சாமித்தோப்பு அய்யா வைகுண்டர் அவதார நாள், சிவராத்திரி, ஓணம் ஆகியவற்றுக்கு ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிப்பது வழக்கம். ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளி வைப்பார்கள். அந்தச் சனிக்கிழமைக்கும் பிள்ளையை அனுப்பாத வீடுகள் உண்டு. அதுவும் பாடம் நடக்கிற நாள்தான்.

நம்பிக்கை: ஊர் சுற்றுவதே பெரிய படிப்பு.

உண்மை: பாதி உண்மை. சுசீந்திரத்து இசைத்தூணும் பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலையும் புத்தகத்தில் வராத பாடங்கள். ஆனால் இரண்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தூரம். மயிலாடிப் பிள்ளைக்கு அதுகூட வேண்டாம். சிற்பக்கூடத்து வாசலில் நின்றால் கல்லில் கண் திறப்பதைப் பார்க்கலாம்.

லீவு லெட்டரில் "காய்ச்சல்" என்று எழுதுவதை மட்டும் என்னால் ஏற்கவே முடியவில்லை. அம்மா எழுதிக்கொடுத்த காய்ச்சலைப் பிள்ளை டீச்சர் கையில் கொடுக்கிறது. இடைவேளையில் தோழிகளிடம் கொடைக்கானல் படகைப் பற்றிச் சொல்கிறது. யாரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்று பிரித்துவைக்கும் வேலையை ஏழு வயதுப் பிள்ளை தலையில் நாம் ஏற்றியிருக்கிறோம். "அப்பா வந்திருக்கார் டீச்சர், நாலு நாள் வெளியூர் போறோம், என்ன பாடம் போகும்?" என்று முன்கூட்டியே கேட்டால், எந்தப் பக்கத்தை வீட்டில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று டீச்சரே குறித்துக் கொடுப்பார்.

லீவு மாதத்தைத் தானே முடிவுசெய்ய முடிகிற அப்பாக்களுக்கு ஒரு வழி உண்டு. செப்டம்பர் கடைசியில் காலாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை வரும். வளைகுடாப் பள்ளிகள் திறந்து, ஓணக் கூட்டமும் ஓய்ந்திருக்கும் நேரம் என்பதால் விமானக் கட்டணமும் பெரும்பாலும் இறங்கியிருக்கும். டிக்கெட் போடுவதற்கு முன் பள்ளி நாட்காட்டியைப் போட்டோ எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.